எடை குறைந்தது, எலும்பின் பெலன் குறையலாமா?



உடல் பருமனைக் குறைக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் குடும்பங்களிலும் சபைகளிலும் இருக்கிறார்கள். வேலை நிமித்தம் மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களில் குடியேறிய நம்மில் பலருக்கு நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வேலை, நேரம் தவறிய ஆகாரம், உறக்கக் குறைவு ஆகியவை வாழ்க்கையின் பகுதியாகிவிட்டன. எடை கூடுகிறது, அதைத் தொடர்ந்து சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் மூட்டு வலியும் வருகின்றன. உணவுக் கட்டுப்பாட்டினாலும் உடற்பயிற்சியினாலும் பலன் காணாத சிலருக்கு மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையை ஆலோசனையாகக் கூறுகிறார்கள். அநேகர் அதனால் நன்மை அடைந்திருக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சை நல்லதா, கெட்டதா என்று விவாதிப்பது இம்மாதக் கட்டுரையின் நோக்கம் அன்று. சிகிச்சை முடிந்து, எடை குறைந்து, எல்லாரும் பாராட்டும் நாட்களில் மறந்துபோகும் ஒரு காரியத்தை நினைப்பூட்டவே இதை எழுதுகிறோம். அறுவைச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றின் அளவைக் காத்துக்கொள்வதோ வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய கடமையாகும்.

குடலின் பாதை மாறும்போது

இந்தச் சிகிச்சையில் இரண்டு முறைகள் மிகுதியாக வழக்கத்தில் உள்ளன. முதலாவது "ஸ்லீவ்" முறை. இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய்போல ஆக்கிவிடுகிறார்கள். குடலைத் தொடுவதில்லை. இரண்டாவது "பைபாஸ்" முறை. இதில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறிய பை ஒன்றை அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதி வழியாகச் செல்லாமல் சுற்றிக்கொண்டு போகிறது.

நாம் உண்ணும் கால்சியத்தைச் சரீரம் மிகுதியாக எடுத்துக்கொள்ளும் இடம் அந்தத் தொடக்கப் பகுதியே. வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்தாகும். அது குடலில் நன்றாக உறிஞ்சப்பட வேண்டுமானால் பித்தநீரும் கணைய நீரும் உணவோடு கலக்க வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு இந்தக் கலப்பு குடலில் வெகுதூரம் தள்ளியே நிகழ்கிறது. ஆகவே சத்து உள்ள ஆகாரத்தையே உண்டாலும் அதில் ஒரு பகுதி சரீரத்தில் சேராமல் வெளியேறிவிடுகிறது.

ஸ்லீவ் முறையில் குடல் அப்படியே இருப்பதால் கவலை இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அவர்கள் உண்ணும் அளவே மிகவும் குறைந்துவிடுகிறது. இரைப்பையில் அமிலமும் குறைகிறது. அவர்களுக்கும் குறைபாடு ஏற்படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பருமனாக இருப்பவர்களில் அநேகருக்குச் சிகிச்சைக்கு முன்பே வைட்டமின் டி குறைவாகத்தான் இருக்கும். இந்தச் சத்து கொழுப்புத் திசுக்களில் தங்கிவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. ஆதலால் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன்பே இதைப் பரிசோதித்து, குறைவு இருந்தால் சரிசெய்துகொள்வது நல்லது.

மறைவாக நடக்கும் இழப்பு

வைட்டமின் டி போதுமான அளவு இருக்கும்போது, உணவிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதத்தைக் குடல் எடுத்துக்கொள்கிறது. அது இல்லாதபோது 10 முதல் 15 சதவீதமே சேருகிறது. இருதயத் துடிப்புக்கும் தசைகளின் இயக்கத்துக்கும் இரத்தத்தில் கால்சியம் எந்நேரமும் சரியான அளவில் இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து வராவிட்டால் சரீரம் எங்கிருந்து எடுக்கும்? எலும்பிலிருந்து எடுக்கும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தம் சுரப்பை அதிகப்படுத்தி, எலும்பைக் கரைத்து, கால்சியத்தை இரத்தத்திற்குக் கொண்டுவருகின்றன.

இதனால்தான், "இரத்தத்தில் கால்சியம் பரிசோதித்தேன், சரியாகவே இருக்கிறது" என்ற ஆறுதல் போதாது. எலும்பை விற்றுச் சரிக்கட்டிய கணக்காகவும் அது இருக்கலாம். வங்கியில் சேமித்த பணத்தை மாதந்தோறும் எடுத்துச் செலவு செய்கிற வீட்டில், சேமிப்பு தீரும் வரை அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த இழப்புக்குத் தொடக்கத்தில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் இடுப்பிலும் முதுகிலும் தொடைகளிலும் ஒருவித ஆழ்ந்த வலி தோன்றுகிறது. ஆராதனையில் தரையில் அமர்ந்தவர் எழுந்திருக்கக் கையூன்ற வேண்டியிருக்கிறது. படி ஏற முடியவில்லை. "வயதாகிவிட்டது" என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் எலும்பு மென்மையாகி, தசைகள் பெலன் இழந்திருக்கலாம். சிறு சறுக்கலிலேயே எலும்பு முறிவதும் உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்கு எலும்பு முறிவு ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எவ்வளவு இருக்க வேண்டும்? எவ்வளவு எடுக்க வேண்டும்?

பரிசோதனைக் கூடத்தில் நீங்கள் கேட்க வேண்டியது "25 ஹைட்ராக்சி வைட்டமின் டி" என்னும் பரிசோதனை. "1,25" என்று தொடங்கும் மற்றொரு பரிசோதனையும் உண்டு. சரீரத்தில் உள்ள இருப்பை அறிய அது உதவாது. முடிவு, ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று குறிக்கப்பட்டிருக்கும். 20க்குக் கீழே இருந்தால் குறைபாடு. 20 முதல் 30 வரை போதாமை. அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு 30க்கு மேல் இருக்க வேண்டும் என்பதே இலக்கு. சில கூடங்கள் நானோமோல் என்ற வேறு அளவில் முடிவு தருகின்றன. அந்த எண்ணை 2.5ஆல் வகுத்தால் நானோகிராம் கணக்கு கிடைக்கும்.

சாதாரணமாக வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 600 அலகு வைட்டமின் டி போதுமானது என்பது நம் நாட்டின் பரிந்துரை. மருந்துப் பெட்டியில் "ஐ.யு." என்று போட்டிருப்பதே இந்த அலகு. ஆனால் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3,000 அலகு வைட்டமின் டி3 கொடுத்து, இரத்த அளவை 30க்கு மேல் கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்காவின் பருமன் அறுவைச் சிகிச்சை நிபுணர் சங்கம் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியுள்ளது. அதாவது மற்றவர்களைப் போல ஐந்து மடங்கு. சிலருக்கு இதனினும் அதிகம் தேவைப்படும். அதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இதோடு கால்சியம் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை தேவை. உணவிலும் மாத்திரையிலும் சேர்த்து வரும் மொத்தக் கணக்கு இது. குடலின் பெரும்பகுதியை விலக்கிவிடும் கடுமையான சிகிச்சை முறைகளில் இது 1,800 முதல் 2,400 வரை உயரும்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள்

நம் நாட்டில் வைட்டமின் டி பெரும்பாலும் 60,000 அலகு கொண்ட தூள் பொட்டலமாகவோ மாத்திரையாகவோ கிடைக்கிறது. வாரத்திற்கு ஒன்று, எட்டு வாரங்களுக்கு என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்த எட்டு வாரங்கள் முடிந்ததும் "கோர்ஸ் முடிந்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். குடல் சரியாக உள்ளவருக்கு அது பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. சிலர் அதன்பின் மாதம் ஒன்று எடுக்கிறார்கள். 60,000ஐ 30 நாட்களால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 2,000 அலகுதான் வருகிறது. பலருக்கு இது போதாமல் போகும். இந்தக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்சியம் மாத்திரையிலும் ஒரு கணக்கு உண்டு. "கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம்" என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம். "கால்சியம் சிட்ரேட் 1,000 மில்லிகிராம்" என்று இருந்தாலோ உண்மையான கால்சியம் ஏறத்தாழ 200 மில்லிகிராம் மட்டுமே. பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாமல் சிறிய எழுத்தையும் வாசியுங்கள். கார்பனேட் கரைவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். உணவோடு சேர்த்தே அதை எடுக்க வேண்டும். சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை. சிகிச்சைக்குப் பின் அமிலம் குறைவதாலும், பலர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வதாலும், சிட்ரேட்டே ஏற்றதென்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

ஒரே வேளையில் 500 அல்லது 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தைக் குடல் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே நாள் முழுவதற்குமான மாத்திரைகளை இரவில் மொத்தமாக விழுங்குவதில் பயனில்லை. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையில் குறைந்தது 2 மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையில் 4 மணி நேரமும் இடைவெளி வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி அமைத்துக்கொள்ளலாம்: காலை 8 மணிக்கு உணவுக்குப் பின் இரும்புச்சத்தும் பல்சத்து மாத்திரையும், 11 மணிக்குக் கால்சியம், மதிய உணவோடு வைட்டமின் டி, மாலை 4 மணிக்கும் இரவு 8 மணிக்கும் மீண்டும் கால்சியம். வைட்டமின் டி கொழுப்பில் கரைவதால், சிறிது எண்ணெயோ நெய்யோ மீனோ முட்டையோ உள்ள உணவோடு எடுப்பது நல்லது. உங்கள் வேலை நேரத்திற்குத் தக்கபடி மருத்துவரைக் கேட்டு இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால்

குறைவைப் போலவே மிகுதியும் ஆபத்தே. வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 அலகுப் பொட்டலத்தைத் தவறுதலாகத் தினம் ஒன்று சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. சிலர் 6 லட்சம் அலகு ஊசியும் போட்டுக்கொண்டு, பொட்டலத்தையும் தொடர்கிறார்கள். இப்படி மிஞ்சும்போது இரத்தத்தில் கால்சியம் ஏறி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றும், சிறுநீரகமும் பழுதடையும். எனவே வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து, நாட்காட்டியில் அடையாளம் இட்டு, அன்று மட்டும் எடுங்கள். ஊசி போட்டுக்கொள்ளும் முன் நீங்கள் எடுத்துவரும் மாத்திரைகளைச் சொல்லிவிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, கை விரல்கள் இழுத்துக்கொள்ளுதல் ஆகியவை இரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைக் காணுங்கள்.

வெயில் போதாதா?

வெயிலில் தோல் உண்டாக்கும் வைட்டமின் டி, குடல் வழியாக வருவதில்லை. அந்த வகையில் அது உங்களுக்கு அனுகூலமே. ஆனால் காலை 6 மணி இளவெயிலில் இந்தச் சத்து ஏறத்தாழ உண்டாவதே இல்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகி இருக்கும் நேரத்தில்தான் அதற்குரிய கதிர்கள் போதிய அளவில் வருகின்றன. கண்ணாடி ஜன்னலுக்குள் அமர்ந்தால் அக்கதிர்கள் வந்து சேருவதில்லை. கருநிறத் தோலுக்கு அதிக நேரம் தேவை. தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்திலும், மும்பையில் வெளிச்சம் எட்டாத அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் நமக்கு வெயிலை மட்டும் நம்பியிருக்க இயலாது.

உணவும் உதவும். மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்கள், முட்டையின் மஞ்சள் கரு, சத்தேற்றம் செய்யப்பட்ட பால் ஆகியவற்றில் வைட்டமின் டி உண்டு. சத்தேற்றிய பால் உறையில் "எஃப்" என்ற எழுத்தும் கூட்டல் குறியும் கொண்ட முத்திரையைக் காணலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வைட்டமின் டி அதில் இல்லை. ஆனால் கையளவு உணவே உண்ணக்கூடியவர்களுக்கு ஆகாரத்தினால் மட்டும் 3,000 அலகை எட்டுவது கூடாத காரியம்.

உபவாச நாட்களில்

நம் வாசகர்கள் மனதில் எழும் ஒரு கேள்வி இது: அறுவைச் சிகிச்சை செய்தவர் உபவாசிக்கலாமா? சிகிச்சை செய்த முதல் மாதங்களில் முழு உபவாசம் வேண்டாம். அக்காலத்தில் புரதமும் தண்ணீரும் சிறிது சிறிதாக, இடைவிடாமல் உள்ளே செல்ல வேண்டும். ஒரே நேரத்தில் நிறையக் குடித்து ஈடுசெய்ய அந்தச் சிறிய இரைப்பையால் முடியாது. பின்னாட்களிலும் மருத்துவரைக் கேட்டே தீர்மானியுங்கள். சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் கட்டாயமாகக் கேளுங்கள். போதகரிடமும் உங்கள் நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவேளை உணவைத் தவிர்க்கும் நாளிலும் சத்து மாத்திரைகளை அடியோடு விட்டுவிடாதீர்கள். அவற்றை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் சுகமாகிவிட்டேன், இனி மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. சர்க்கரை மாத்திரை நின்றிருக்கலாம், அதற்காக மகிழுங்கள். ஆனால் வைட்டமின் டியும் கால்சியமும் வியாதிக்குக் கொடுக்கும் மருந்துகள் அல்ல. மாற்றி அமைக்கப்பட்ட குடல் எடுத்துத் தர இயலாத ஆகாரம் அவை. தினமும் உண்கிறோம் என்பதற்காக ஆகாரத்தை யாரும் நிறுத்துவதில்லை.

ஊர் மாறும்போது

நம்மைப் போல் இடம்பெயர்ந்து வாழ்பவர்களுக்கு உள்ள தனிச் சிக்கல் இதுதான். சிகிச்சை ஒரு நகரத்தில் நடக்கிறது. இரண்டு ஆண்டுகளில் மாற்றலாகி வேறு நகரத்திற்குப் போகிறோம். சிகிச்சை செய்த மருத்துவரோடு தொடர்பு அறுகிறது. புதிய ஊரில் மூட்டு வலிக்கென்று செல்லும் மருத்துவர் மெலிந்த சரீரத்தைப் பார்த்து, இப்படி ஒரு சிகிச்சை நடந்திருக்கும் என்று நினைக்கக்கூட மாட்டார். ஆகையால்:

மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தந்த சுருக்கக் குறிப்பின் நகல்கள் மூன்று எடுத்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். மற்றொன்றை ஊரிலுள்ள பெற்றோரிடமோ பிள்ளைகளிடமோ கொடுங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். ஸ்லீவா, பைபாஸா, எந்த ஆண்டு என்பதை வீட்டார் எல்லாரும் அறிந்திருக்கட்டும்.

சிகிச்சைக்குப் பின் 3ஆம், 6ஆம், 12ஆம் மாதங்களிலும் அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதனை செய்யுங்கள். வைட்டமின் டியோடு கால்சியம், பாராதைராய்டு சுரப்பு, ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே முழுமையான பரிசோதனை. முடிகள் உதிர்கின்றன என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கூடத்தில் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது வைட்டமின் டியைக் கூட்டியும் பாராதைராய்டு சுரப்பைக் குறைத்தும் தவறாகக் காட்டிவிடும், குறைபாடு மறைந்துபோகும். பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு அதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தைப் பேற்றை எதிர்பார்க்கும் சகோதரிகள் சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை காத்திருப்பது நல்லது என்பது மருத்துவர்களின் ஆலோசனை. கருவுறும் முன் இந்த அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாயிடமிருந்து கிடைக்கும் கால்சியத்திலிருந்தே பிள்ளையின் எலும்பு உருவாகிறது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இவ்வளவு மெலிந்தாயே, இன்னும் ஏன் மாத்திரை?" என்று கேட்காதீர்கள். "11 மணி மாத்திரை எடுத்தாயா?" என்று கேளுங்கள். கணவனோ மனைவியோ பிள்ளைகளோ அன்றாடம் கேட்கும் அந்த ஒரு கேள்வி பெரிய உதவியாகும்.

உங்கள் கடைசிப் பரிசோதனை ஓராண்டுக்கு முந்தியதானால், இந்த மாதமே அதைச் செய்துகொள்ளுங்கள். அடுத்த இதழில், இதே சிகிச்சைக்குப் பின் குறையும் இன்னொரு சத்தாகிய வைட்டமின் பி12 பற்றிப் பார்ப்போம்.